ஆறாவது தட்டல்

கிளென்ஷாராப் பள்ளத்தாக்கின் கடைசி வீட்டுக்கு முன்னால் நினியன் கேர்ன்ஸ் வந்து நின்றபோது பொழுது இன்னும் சாயவில்லை. சாய்ந்திருந்தாலும் தெரிந்திருக்காது. காலையிலிருந்து கலையாத மூட்டம் கல் சுவரையும் நாணல் கூரையையும் பாதிக்கு மேல் மறைத்திருந்தது. கதவு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது சாத்தியிருந்தது.

நெஞ்சில் அரசாங்க வெள்ளி வில்லை, இடுப்பில் கொம்பு, கையில் வெள்ளைக் கோல். தாக்கீது கொண்டுபோகும் சேவகருக்கு உரிய லட்சணத்தில் ஒரு குறையும் இல்லை. அவருக்குப் பின்னால், சாட்சிக்கு வந்த டூகல் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, திரும்பிடலாமா?"

"நேர்ல வந்து பார்த்தாத்தான் சாட்சி சொல்லுவேன்னு குதிச்சவன் நீதானடா? இப்ப என்ன, கால் பின்னுது?"

"குளிருதுண்ணே."

"குளிருதா? மூக்கு நுனியில வேர்த்திருக்கு, துடைச்சுக்க."

நினியன் கேலி செய்தாரே தவிர, அவரும் கதவை நோக்கி ஓரடி எடுத்து வைக்கவில்லை.

அந்த வீடு எல்ஸ்பெத்தின் வீடு. மூன்று வருஷத்துக்கு முன்பும் இதே வீட்டின் பேரில் ஒரு தாக்கீது வந்தது. தெற்கே இங்கிலாந்து எல்லைக்குப் படை அனுப்ப எடின்பரோவில் இருந்த பெரிய மனிதர்கள் தீர்மானித்த சமயம் அது. படைக்குப் பணமும் வேண்டும், ஆளும் வேண்டும். இரண்டையும் பறிப்பதற்குச் சட்டம் இருந்தது. சட்டத்தை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போக நினியன் இருந்தார்.

படை வரி கட்டாத வீட்டுக்குச் சேவகர் நேரில் போக வேண்டும். கதவு திறக்காவிட்டால் ஊர் கேட்கும்படி ஆறு முறை தட்டிவிட்டுத் தாக்கீதைக் கதவில் குத்திவைக்க வேண்டும். ஆறு தட்டியாகிவிட்டால் அந்த வீட்டார் தாக்கீதைக் கையில் வாங்கிய கணக்குதான். கெடு தாண்டினால் சந்தை நடுவே நிற்கும் கல் சிலுவைக்கு முன்னால் மூன்று முறை கொம்பு ஊதுவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருப்பவர்கள் மூச்சு விடும் பிணங்கள். அவர்களுக்கு யாரும் ஒரு வாய்க் கஞ்சி கொடுக்கக் கூடாது, அடுப்புக்கு ஒரு கங்கு கொடுக்கக் கூடாது. நான்கு வீட்டுக்கு ஒருவன் என்று சீட்டுப் போட்டுப் படைக்கு ஆள் எடுக்கும்போது, கொம்பு ஊதிய வீட்டுக்குச் சீட்டும் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளைதான் முதலில் போவான்.

அப்படி ஒரே சீட்டில் சேர்ந்த நான்கு வீடுகளில் ஒன்று எல்ஸ்பெத் வீடு, ஒன்று நினியன் வீடு. அவள் மகன் கில்பர்ட்டுக்கும் இவர் மகன் ஆலனுக்கும் ஒரே வயசு. ஒரே ஓடையில் மீன் பிடித்து ஒரே கல்லின் மேல் சுட்டுத் தின்றவர்கள். மற்ற இரண்டு வீட்டில் படைக்குப் போகும் வயசில் ஆண்பிள்ளை இல்லை. டூகலுக்கு மூன்றும் பெண். நெசவுக்கார மெக்ரே தனிக்கட்டை, எழுபதைத் தாண்டியவர். ஆக, சீட்டு விழுந்தால் கில்பர்ட், இல்லாவிட்டால் ஆலன்.

எல்ஸ்பெத்திடம் பணம் இருந்தது. கம்பளி விற்று முடிந்து வைத்திருந்தாள். யாராவது வந்து கதவைத் தட்டியிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பாள். அது நினியனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் தட்டவில்லை.

பாலத்தடிக் கள்ளுக்கடையில் உட்கார்ந்து, ஆறு முறை தட்டினேன் என்று எழுதினார். டூகல் ஒரு குவளை பார்லிக் கள்ளுக்குச் சாட்சி சொன்னான். சந்தையில் கொம்பு ஊதிய பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரியும். பண முடிச்சோடு ஓடி வந்தாள். கெடு தாண்டிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கில்பர்ட்டை உழுத சாலில் வைத்தே பிடித்தார்கள். எல்லைக்குப் போகுமுன்பே, படை முகாமில் பரவிய பாளையக் காய்ச்சலில் அவன் செத்தான். எல்ஸ்பெத் வீட்டில் தண்டனையாக ஆறேழு சிப்பாய்களைத் தங்க வைத்தார்கள். அவர்கள் பசுவைத் தின்றார்கள், விதை ஓட்ஸைத் தின்றார்கள், தின்ன ஒன்றும் இல்லாதபோது கிளம்பினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், கையில் இரும்புச் சட்டியோடு அவள் நினியன் வீட்டுக்கு வந்தாள். அடுப்பு அணைந்துவிட்டது. ஒரு கங்கு வேண்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஐந்து முறை கதவைத் தட்டினாள்.

நினியன் ஓட்ஸ் ரொட்டியைக் கஞ்சியில் தொட்டுத் தின்றபடி எண்ணினார். தொழில் புத்தி. பிறகு மனைவி கிரிசலைப் பார்த்துச் சிரித்தார்.

"சட்டப்படி ஆறு தட்டணும். அஞ்சோட நின்னுட்டா. நான் எதுக்குத் திறக்கணும்?"

கிரிசல் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போய்த் திறக்கவும் இல்லை. மறுநாள் ஆட்டுப்பட்டிச் சுவரோரம் எல்ஸ்பெத்தைக் கண்டெடுத்தார்கள். காலியான சட்டியை வயிற்றோடு அணைத்திருந்தாள். விரல்களைப் பிரிக்க முடியாமல் சட்டியோடுதான் புதைத்தார்கள்.

அதெல்லாம் மூன்று வருஷக் கதை. இப்போது மறுபடியும் படை. மறுபடியும் நான்கு வீட்டுக்கு ஒருவன். இந்தத் தடவை சீட்டே வேண்டாம், நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஆண்பிள்ளை ஆலன் ஒருவன்தான். தப்பிக்க ஒரே வழி இருந்தது. செத்தவளின் வீட்டுக்கும் நிலத்துக்கும் வரி பாக்கி என்று தாக்கீது கொடுத்து, கொம்பு ஊதி, ஜப்தி செய்து விற்றுவிட்டால், அந்தக் காசில் வெளியூரான் ஒருவனைக் கூலிக்குப் பிடித்து ஆலனுக்குப் பதிலாக அனுப்பலாம். செத்தும் அவள் என் மகனைக் காப்பாற்றப் போகிறாள் என்று நினியன் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். வெட்கமில்லாத மனசு.

"சரி, தட்டித் தொலைப்போம்" என்று கோலைத் தூக்கினார்.

முதல் தட்டல். உள்ளே பாழ் வீட்டின் வெறும் எதிரொலி மட்டும் கேட்டது.

இரண்டாவது. கதவிடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. அடிப்பிடித்த ஓட்ஸ் கஞ்சியின் வாசனை. நினியன் கூரையை அண்ணாந்து பார்த்தார். புகை இல்லை.

மூன்றாவது. உள்ளே யாரோ முக்காலியை நகர்த்தினார்கள்.

"டூகலு, உனக்குக் கேட்டுச்சா?"

டூகல் இரண்டடி பின்னால் போனான்.

நான்காவது தட்டலைக் கை தானாகத் தட்டியது. ஈரமான வெறுங்கால்கள் மண் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். அவசரமில்லாமல் அந்தக் கால்கள் கதவை நோக்கி வந்தன.

ஐந்தாவது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு மெல்ல ஒரு குரல் வந்தது. அது எல்ஸ்பெத்தின் குரல் இல்லை.

"அப்பா, நான்தான். கதவத் திறங்கப்பா. குளிருது."

அது ஆலனின் குரல்.

ஆலனை வீட்டில் கஞ்சி குடிக்க விட்டுவிட்டுத்தான் நினியன் கிளம்பி வந்திருந்தார். தாக்கீது கையிலிருந்து நழுவியது. எப்படித் திரும்பினார், எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. ஓடை தாண்டி, மூச்சு வாங்க நின்றபோதுதான் டூகலும் பக்கத்தில் இருப்பது தெரிந்தது.

"நீயும் கேட்டியாடா? என் பையன் குரல்?"

"பையனா? எனக்குத் திரிகை அரைக்கிற சத்தம்தாண்ணே கேட்டுச்சு. யாரோ உக்காந்து வெறும் திரிகைய அரைக்கிறாங்க." டூகல் விரல் விட்டு எண்ணினான். "அண்ணே, நீங்க அஞ்சுதான் தட்டினீங்க."

"ஆறு."

"அஞ்சுண்ணே."

"ஆறுன்னு சொன்னா ஆறு. என் புள்ள போகணுமாடா? உன் பொண்ணுங்க பாவாடைய மாட்டிக்கிட்டுப் போவாளுங்களா படைக்கு?"

டூகல் தலை குனிந்து அதற்கும் சாட்சியானான். வீட்டுக்கு ஓடி வந்த நினியன், அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஆலனைப் பார்த்ததும் அவன் தலையை இரு கையாலும் பிடித்து முகர்ந்தார். "என்னப்பா, பாலத்தடியில கள்ளா?" என்று பையன் சிரித்தான்.

கெடு முடிந்த சந்தை நாளில் நினியன் சிலுவை மேடை ஏறினார். கூட்டம் முணுமுணுத்தது. செத்தவளுக்குக் கொம்பா என்று மீன்காரி ஒருத்தி உரக்கவே கேட்டாள். அவர் காதில் வாங்கிக்கொள்ளாமல் கொம்பை உதட்டில் வைத்தார்.

முதல் முறை ஊதினார். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. இரண்டாவது முறையும் அப்படியே.

மூன்றாவது முறை நெஞ்சு நோக ஊதினார். மூச்சுக் காற்று உள்ளே போனது. சத்தம் வரவில்லை. கொம்பைத் தட்டிப் பார்த்தார். அடைப்பு எதுவும் இல்லை. மறுபடி ஊதினார். இல்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "போதும், எல்லாருக்கும் கேட்டாச்சு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். காலணிக்குள் பாதம் ஈரமாகி விறைத்திருந்தது.

வீடு வந்தபோது பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. சந்தோஷமாகத்தான் வந்தார். எல்லாம் முடிந்தது, பையன் பிழைத்தான்.

"ஆலன் எங்க?"

"ஆடுங்கள இறக்கிட்டு வரேன்னு மேல போனான். நாயும் கூடப் போயிருக்கு. இப்ப வந்துடுவான்" என்றாள் கிரிசல். அவள் முட்டைக்கோஸை நறுக்கிப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நினியன் கொம்பைச் சுவர் ஆணியில் மாட்டினார். கதவைச் சாத்திக் குறுக்குக் கட்டையைப் போட்டார். ஏன் போட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விறகுக்குப் பதில் எரிக்கும் கரிமண் கட்டி ஒன்றை அடுப்பில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

கதவு தட்டப்பட்டது.

ஒன்று. லேசான தட்டல். வலுவில்லாத விரல் முட்டியின் தட்டல்.

கிரிசல் எழுந்தாள். "ஆலனா?"

"உக்காரு."

இரண்டு. மூன்று. அதே இடைவெளி. இரும்புச் சட்டியின் விளிம்பு கதவில் உரசியது. கிரிசலுக்கு முகம் வெளுத்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தச் சாயங்காலத்தை அவளும் மறக்கவில்லை.

நான்கு.

"திறந்துடுங்க" என்று அவள் கிசுகிசுத்தாள். "என்ன வேணுமோ குடுத்துடலாம். ஒரு கங்குதானே கேட்டா. அன்னிக்கே குடுத்திருக்கலாம்ங்க."

ஐந்து.

பிறகு அமைதி. நினியன் எண்ணிக்கொண்டே இருந்தார். அமைதி நீண்டது. அவர் உடம்பு தளர்ந்தது, கோணலாக ஒரு சிரிப்புகூட வந்தது.

"அஞ்சுதான். அவளால ஆறு தட்ட முடியாது. அன்னிக்கும் முடியல. ஆறு தட்டாத வரைக்கும் செல்லாது, கிரிசல். நம்ம வீட்டுமேல எதுவும் செல்லாது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை.

ஆறாவது தட்டல் விழுந்தது.

அது முதல் ஐந்தைப் போல இல்லை. கனத்த தட்டல், முழு முஷ்டியால் தட்டியது. குறுக்குக் கட்டை அதிர்ந்தது. பயம் இல்லாதவர் யாராவது கேட்டிருந்தால் அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும்.

"அப்பா, நான்தான். கதவத் திறங்கப்பா. குளிருது."

அன்று கேட்டதேதான். ஒரு சொல் மாறவில்லை.

கிரிசல் கதவுக்கு ஓடினாள். நினியன் அவளுக்கு முன்னால் பாய்ந்து கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"தள்ளுங்க! புள்ள வெளியில நிக்கிறான்!"

"அது புள்ள இல்ல."

"என் புள்ள குரல் எனக்குத் தெரியாதா? பைத்தியமா உங்களுக்கு?"

"அவ வீட்டுக் கதவுக்குப் பின்னாலயும் இதே குரல் கேட்டுச்சுடி! இதே பேச்சு! அவதான் இப்படிப் பேசுறா. திறந்தா நாம தொலைஞ்சோம்."

"அப்பா, விளையாடாதீங்க." வெளியே குரல் கொஞ்சம் எரிச்சலானது. பிறகு எரிச்சல் போய்விட்டது. "அம்மா... அம்மா, எனக்குப் பின்னால யாரோ நிக்கிறாங்கம்மா."

கிரிசல் அவர் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அவர் அசையவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுவதாகவே அந்த மனிதர் கடைசிவரை நினைத்தார், பாவி.

"கில்பர்ட்டா?" என்று வெளியே ஆலன் கேட்டான். ஆச்சரியப்பட்ட குரல்தான், சின்னப் பையனின் குரல். "டேய், நீயாடா?"

அப்போது மலைப் பக்கமிருந்து கொம்புச் சத்தம் எழுந்தது.

ஒரே ஒரு முறை. நீளமாக.

நினியன் சுவரைப் பார்த்தார். அவருடைய கொம்பு ஆணியில்தான் தொங்கியது. சந்தையில் ஊதாமல் போன மூன்றாவது சத்தம், பள்ளத்தாக்கின் கடைசி வீட்டுப் பக்கமிருந்து வந்து, அவர்கள் கூரைமேல் கடந்து, தெற்கே போய் ஓய்ந்தது.

அவர் கை தளர்ந்த நொடியில் கிரிசல் கட்டையை உருவி எறிந்தாள். கதவு திறந்தது. பனியும் காற்றும் உள்ளே வந்தன. வாசலில் யாரும் இல்லை.

நிலைப்படிமேல் ஆலனின் கம்பளிக் கையுறை ஒன்று கிடந்தது. உள்ளே இன்னும் சூடு இருந்தது. மலையிலிருந்து வாசல் வரை அவன் காலடி வந்திருந்தது. அவன் அங்கே நின்று குளிருக்குக் கால் மாற்றி மாற்றி மிதித்த தடம் தெரிந்தது. வாசலிலிருந்து திரும்பிப் போன தடம் ஒரு ஜோடி இல்லை. இரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து, அணிவகுப்பில் போவதுபோல் ஒரே அளவாகக் கால் வைத்துப் போயிருந்தார்கள். தெற்குச் சாலைப் பக்கம். நாய் முற்றத்து ஓரத்தில் படுத்து முனகியது. என்ன அழைத்தும் அந்தத் தடத்தைத் தாண்டி அது வரவில்லை.

கிரிசல் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள். ஓடைக்கரை வரைக்கும் தடம் இருந்தது. அக்கரையில் பனி குலையாமல் கிடந்தது.

ஊரே தேடியது. டூகல் மட்டும் தேட வரவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அஞ்சுதான், அஞ்சுதான் என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

வசந்தத்தில் படைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி குதிரையில் வந்தார். நினியன் வாசலுக்கு எழுந்து போனார்.

"ஐயா, எங்க நாலு வீட்டுக்கும் அனுப்ப ஆள் இல்ல. என் பையன்..."

"என்னய்யா சொல்றீர்? உம்ம பையன் குளிர்காலத்துலயே வந்து சேர்ந்தாச்சே." அதிகாரி கடிவாளத்தை இழுத்தார். "கூட இன்னொருத்தனும் வந்தான், இதே பள்ளத்தாக்குக்காரன். நல்லா நடக்கிறாங்க ரெண்டு பேரும். யார்கிட்டயும் ஒரு பேச்சு கிடையாது. என்ன குளிர் அடிச்சாலும் நெருப்புப் பக்கம் மட்டும் வர மாட்டேங்கிறாங்க."

நினியன் பாளையத்தைத் தேடிப் போனபோது படை எல்லை தாண்டிவிட்டிருந்தது. அந்தப் படையில் யாரும் திரும்பவில்லை.

கிரிசல் தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன அன்று நினியன் கோடரியை எடுத்தார். கதவைக் கீலிலிருந்து பெயர்த்தார். முற்றத்தில் போட்டுத் துண்டு துண்டாகப் பிளந்து, கொம்பையும் வெள்ளைக் கோலையும் அதன்மேல் வைத்துக் கொளுத்தினார். வில்லையை ஓடையில் எறிந்தார். இனிமேல் யார் வந்தாலும் தட்ட வேண்டியதில்லை, நேரே உள்ளே வரலாம்.

அவர் வீட்டு வாசலில் இப்போது கதவு இல்லை. குளிர்காலத்தில் பனி அடுப்பு வரைக்கும் வந்து கிடக்கும். நெருப்பு நிற்பதில்லை. கங்கு கேட்டுப் போனால் அக்கம்பக்கத்தில் யாரும் கொடுப்பதும் இல்லை. சட்டம் எதுவும் தடுக்கவில்லை, இருந்தாலும் கொடுப்பதில்லை.

பனி கொட்டும் சாயங்காலங்களில் அவர் வாசலுக்கு நேராக முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே வெட்டவெளி. நிலைப்படி, பனி, அதற்கப்பால் மூட்டம். மறைக்க எதுவும் இல்லை, தட்ட எதுவும் இல்லை.

பலகையில் தட்டும் சத்தம் கேட்கும். வலுவில்லாத விரல் முட்டி. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

"திறந்துதாம்ப்பா இருக்கு. உள்ள வா" என்பார் நினியன்.

ஆறாவது தட்டலுக்காக விடியும்வரை உட்கார்ந்திருப்பார். காலையில் பார்த்தால், நிலைப்படிக்கு வெளியே பனியில் இரண்டு ஜோடிக் காலணித் தடம் இருக்கும். இரண்டும் வீட்டைப் பார்த்தபடி, குளிருக்குக் கால் மாற்றி மாற்றி மிதித்தபடி.